வாஃபிள் வந்துவிட்டது: மளிகைக் கடைக்காரர் என்ன செய்வது?

ஊர் நடப்பைத் தெரிந்துகொள்ள, வாடிக்கையாளர் கொண்டு வரும் சாமான் லிஸ்டைப் போல நம்பகமானது வேறில்லை. யார் வீட்டில் விசேஷம், யார் வீட்டில் விரதம், யாருக்குச் சர்க்கரை வியாதி என்பதெல்லாம் அந்தத் துண்டுக் காகிதத்திலேயே தெரிந்துவிடும். இப்போது பல இடங்களில் அது செல்போனில் வருகிறது. வழிதான் மாறியிருக்கிறது, விஷயம் பழையதுதான்.

கொஞ்ச காலமாக என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் சில புதிய சாமான்களை விசாரிக்கிறார்கள். ஆளி விதை கால் கிலோ கிடைக்குமா, ஓட்ஸ் சில்லறையாக வருமா, பேக்கிங் பவுடர் சிறிய டப்பா உண்டா என்று கேட்கிறார்கள். "யாருக்கு இது?" என்றால், "வீட்டிலேயே வாஃபிள் போடுகிறார்களாம் அண்ணாச்சி, அதுவும் முட்டை, பால் இல்லாமல்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சிரிப்பதில் தவறில்லை. ஆனால் பலர் அதோடு நிறுத்திக்கொண்டு, "அதெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கேளுங்கள்" என்று வாடிக்கையாளரை அனுப்பிவிடுகிறார்கள். இது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். அந்தப் பலகாரத்துக்கு வேண்டிய சாமான்களில் முக்கால்வாசி நம் கடையிலேயே இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லும் விவரம்தான் நம்மிடம் குறைவாக இருக்கிறது.

வாஃபிள் என்பது என்ன?

தெரியாத அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். தேன்கூடு போலக் கட்டம் கட்டமாகக் குழி விழுந்த, மேலே மொறுமொறுப்பும் உள்ளே மிருதுவுமான ஒரு வகை அடை என்று வைத்துக்கொள்ளலாம். பெல்ஜியம், ஹாலந்து நாடுகளில் பல நூற்றாண்டுகளாக இருப்பது. குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போய் அங்கே காலைப் பலகாரமாகிவிட்டது. அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிப் போடும் வாஃபிள் அச்சுக்கு அங்கே ஒருவர் 1869-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி காப்புரிமை வாங்கியிருக்கிறார். இன்று அது மின்சாரத்தில் சூடாகும் இரட்டைத் தட்டு. மாவை ஊற்றி மூடினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெந்துவிடும்.

அச்சை வைத்துச் செய்யும் பலகாரம் நமக்குப் புதிதல்ல. அச்சு முறுக்குக்கு அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்து, காய்ந்த அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விடுகிறோம். அது எண்ணெயில் வேகிறது, இது இரண்டு தட்டுகளுக்கு நடுவே வேகிறது.

மேல்நாட்டு முறைப்படி இதற்கு மைதா, முட்டை, பால், வெண்ணெய், சர்க்கரை வேண்டும். முட்டையும் பாலும் வெண்ணெயும் வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் இப்போது உண்டு. முட்டை சேர்க்காத சைவக் குடும்பங்கள் ஒரு பக்கம். பால் குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு பக்கம். மாட்டிடமிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று கொள்கையாக இருக்கும் இளவயதுக்காரர்கள் இன்னொரு பக்கம். காரணம் எதுவானாலும் அவர்கள் கேட்பது முழுக்கத் தாவரப் பொருளால் ஆன பலகாரம்.

ஒவ்வொன்றுக்கும் மாற்று எங்கே இருக்கிறது?

ஒரு பொருள் இல்லாவிட்டால் அது செய்யும் வேலையை வேறு எது செய்யும் என்று பார்ப்பது நமக்குப் பழக்கமான கணக்குதான். அந்த முறையிலேயே இதையும் பார்ப்போம்.

முட்டை செய்யும் வேலை இரண்டு. மாவைப் பிடித்து நிறுத்துவது, காற்றை உள்ளே தங்க வைப்பது. பிடித்து நிறுத்த ஆளி விதை போதும். ஒரு மேஜைக் கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேஜைக் கரண்டி தண்ணீரில் பத்து நிமிஷம் ஊற வைத்தால் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழப்பாகிவிடும். ஒரு முட்டைக்கு இது ஒரு ஈடு. மாவு உப்பி எழும்ப பேக்கிங் பவுடர்.

பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால். அதில் கொழுப்பு இருப்பதால் வாசனையும் மிருதுவும் சேரும். தேங்காய் வேண்டாம் என்பவர்களுக்கு சோயா பானம் இருக்கிறது. வெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு. அதோடு இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்தால் மொறுமொறுப்பு கூடும். சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போட்டால் நிறமும் நன்றாகச் சிவந்து வரும். பாலும் முட்டையும் இல்லாத மாவு வெளுத்துப் போவதற்கு இது நல்ல பரிகாரம். மேலே ஊற்றிக்கொள்ள வெளிநாட்டு மேப்பிள் பாகு வேண்டியதில்லை. கருப்பட்டிப் பாகு இருக்கிறது, வாழைப்பழம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் போடும் அளவைச் சொல்கிறேன். கோதுமை மாவு ஒரு டம்ளர், அரிசி மாவு இரண்டு மேஜைக் கரண்டி, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை இரண்டு மேஜைக் கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைக் கலந்து, ஒரு டம்ளர் தேங்காய்ப் பால், மூன்று மேஜைக் கரண்டி எண்ணெய், ஊறிய ஆளி விதைக் கூழ் ஆகியவற்றைச் சேர்த்து, அதிகம் அடிக்காமல் கலக்க வேண்டும். தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். தட்டு நன்றாகச் சூடான பிறகு எண்ணெய் தடவி ஊற்ற வேண்டும். ஆவி வருவது அடங்கும் வரை மூடியைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் மேல் பாதி ஒரு தட்டிலும் கீழ்ப் பாதி ஒரு தட்டிலும் ஒட்டிக்கொள்ளும்.

இதில் நம் கடையில் இல்லாத பொருள் எது? ஆளி விதையும் பேக்கிங் பவுடரும் சில கடைகளில் இல்லாமல் இருக்கலாம். மற்றதெல்லாம் நாம் தினமும் நிறுத்துக் கொடுப்பவை.

இதைவிடச் சுலபமான வழி ஒன்றும் உண்டு. புளித்த தோசை மாவையே எடுத்து, இரண்டு டம்ளருக்கு இரண்டு மேஜைக் கரண்டி எண்ணெய் சேர்த்து, வேண்டுமானால் வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய கேரட் போட்டு அதே தட்டில் ஊற்றலாம். உளுந்தின் பசைத்தன்மை, மாவு புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் இதற்கு முட்டையும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். பிள்ளைகள் வாஃபிள் என்று சாப்பிடுவார்கள், பெரியவர்கள் சட்னி தொட்டுக்கொள்வார்கள். நமக்கு உளுந்தும் இட்லி அரிசியும் விற்கும்.

ஒரு பழைய வியாபாரக் கதை

இது சின்ன விஷயம், இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்களுக்காக ஒரு வரலாறு சொல்கிறேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் ஹோசே என்ற ஊரில் டோர்சா என்ற குடும்பத்துச் சகோதரர்கள் மூவர் 1930-களில் முட்டை சேர்த்த மயோனைஸ் தயாரித்து விற்றார்கள். அதன் பெயர் 'எக்கோ'. அடுத்து வாஃபிளுக்கான ஈர மாவைக் கரைத்து விற்றார்கள். ஈர மாவு சீக்கிரம் கெட்டுவிடும், தூரத்து ஊர்களுக்குப் போகாது. ஆகவே பால் மட்டும் சேர்த்தால் போதும் என்ற உலர்ந்த கலவை போட்டார்கள். 1953-இல் சுட்ட வாஃபிளையே உறைய வைத்துப் பாக்கெட்டில் விற்க ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் அந்தத் தொழிலை கெல்லாக் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

வியாபாரிகள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் வீட்டில் மாவு கலக்கினார்கள், கடைக்காரர் மாவும் சர்க்கரையும் விற்றார். பிறகு ஈர மாவு வந்தது, பிறகு உலர்ந்த கலவை, கடைசியில் சுட்ட பலகாரமே பாக்கெட்டில். ஒவ்வொரு படியிலும் லாபம் கடைக்காரரின் தராசிலிருந்து கம்பெனியின் பாக்கெட்டுக்கு நகர்ந்திருக்கிறது.

இதே வரிசையை நாம் இட்லி மாவில் கண்ணால் பார்த்தோம். வீட்டில் கிரைண்டர் ஓடிய காலத்தில் மாதம் தவறாமல் இட்லி அரிசியும் உளுந்தும் வாங்கிய குடும்பங்கள் பல, இப்போது மாவுப் பாக்கெட் வாங்குகின்றன. உளுந்து விற்பனை ஊரில் குறைந்துவிடவில்லை. சில்லறைக் கடையை விட்டு மாவு அரைப்பவர்களிடம் போய்விட்டது. மொத்த வியாபாரியான எனக்கு மூட்டைக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அரைக் கிலோ, ஒரு கிலோவாக உளுந்து விற்ற தம்பிமார்களுக்கு அது இழப்புதான். இதை நான் அவர்கள் பக்கம் நின்றே எழுதுகிறேன்.

வாஃபிள் விஷயம் நம் ஊரில் இன்னும் முதல் படியில்தான் இருக்கிறது. தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, என்னென்ன போடுவது என்று குடும்பங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் "தெரியாது" என்று சொன்னால், விற்பது பாக்கெட் கலவைதான். நிமிஷக் கணக்கில் வீட்டு வாசலுக்குக் கொண்டு வரும் கம்பெனிகள் அதைக் கொண்டு போய்க் கொடுத்துவிடும். அந்தக் கலவையின் விலையையும், மேலே சொன்ன சாமான்களுக்கு உங்கள் கடை விலையையும் ஒரு காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். வாடிக்கையாளரிடமும் அதைக் காட்டுங்கள். வேறு விளம்பரம் தேவையில்லை.

வரியையும் கணக்கில் வைக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, மாவு, பருப்பு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மூட்டையைப் பிரித்து வாடிக்கையாளர் எதிரில் நிறுத்துக் கொடுப்பதற்கு அது கிடையாது. நூறு கிராம் வேண்டும் என்பவருக்கு நூறு கிராம் கொடுக்கும் வசதி நமக்கே உரியது. புதிய பலகாரத்தைச் சோதித்துப் பார்க்கும் குடும்பத்துக்கு வேண்டியது அந்த நூறு கிராம்தான்.

பச்சைப் புள்ளியை நம்பிப் பதில் சொல்லாதீர்கள்

இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். "இதில் பால் இல்லையே?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால் நம்மில் பலர் பாக்கெட்டைத் திருப்பி, பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "சுத்த சைவம் அம்மா, தைரியமாக வாங்குங்கள்" என்கிறோம். இது தவறான பதில். நம் நாட்டு விதிப்படி பச்சைப் புள்ளி என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லை என்று அர்த்தம். பால், தயிர், நெய், பால் பவுடர், தேன் எல்லாம் அந்தப் பச்சைப் புள்ளிக்குள் அடக்கம். சைவம் வேறு, முழுத் தாவர உணவு வேறு.

கொள்கைக்காகப் பால் வேண்டாம் என்பவருக்கு இது மனவருத்தம். ஒவ்வாமைக்காகப் பால் வேண்டாம் என்பவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது. பால் ஒவ்வாமை உள்ள சில குழந்தைகளுக்குச் சிறிதளவு பால் பவுடர் உள்ளே போனாலும் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டிவிடும். நான் அறிந்த ஒரு கடையில் கடைப் பையன் பச்சைப் புள்ளியைக் காட்டி ஒரு பலகாரக் கலவையைக் கொடுத்திருக்கிறான். அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் லேபிளைப் படித்த பிறகுதான் அதில் பால் பவுடர் இருப்பது தெரிந்தது. படித்ததால் விபரீதம் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்று முதல் அந்தக் குடும்பம் அந்தக் கடையில் புளி கூட வாங்குவதில்லை. ஒரு பாக்கெட் லாபத்துக்கு ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் போயிற்று.

ஆகவே மூன்று பழக்கங்களை நாமும் கற்றுக்கொண்டு, நம் கடைப் பையன்களுக்கும் கற்றுக் கொடுக்க வேண்டும்.

முதலாவது, லேபிளில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற வரிசையையும், அதன் அருகில் ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லும் வரியையும் படிப்பது. பால், முட்டை, சோயா, நிலக்கடலை, கோதுமை போன்றவை சேர்ந்திருந்தால் அங்கே சொல்லியாக வேண்டும் என்பது விதி. தாவரப் பொருள் மட்டுமே என்று அங்கீகரித்த உணவுக்கு 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி தனி முத்திரை உண்டு. ஆங்கில 'வி' எழுத்தும் ஒரு சிறு இலையும் சேர்ந்த பச்சை அடையாளம் அது. பச்சைப் புள்ளியோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, சில்லறைச் சரக்கில் கரண்டியைத் தனித்தனியாக வைப்பது. பால் பவுடர் அள்ளிய கரண்டியாலேயே அரிசி மாவை அள்ளிக் கொடுத்துவிட்டு, "இதில் பால் இல்லை" என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

மூன்றாவது, நிச்சயமாகத் தெரியாதபோது, "தெரியவில்லை அம்மா, லேபிளைச் சேர்ந்தே படிப்போம்" என்று சொல்வது. இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. செல்போன் திரையில் பொருளை விற்பவன் இப்படிச் சொல்ல மாட்டான். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசும் நாம் சொல்ல முடியும்.

சரக்கு வைக்கும் முறை

ஆளி விதையை முழு விதையாகவே வாங்கி வையுங்கள். பொடி செய்தால் அதில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வீட்டில் மிக்ஸியில் அவ்வப்போது பொடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேக்கிங் பவுடர் கேட்டால் ஆப்ப சோடாவைக் கொடுத்து, "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆப்ப சோடா தனி உப்பு. அது பொங்கிக் காற்றை உண்டாக்க எலுமிச்சைச் சாறோ புளித்த மாவோ போன்ற புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்புப் பொருளும், ஈரம் சேராதிருக்க மாச்சத்தும் ஏற்கனவே சேர்ந்திருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்றை அதே அளவில் போட்டால் பலகாரம் சோடா வாடை அடிக்கும், பழி கடைக்காரர் மேல் விழும். பழைய பேக்கிங் பவுடருக்கு வேகம் போய்விடும். சந்தேகமானால் அரைத் தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சரக்கு நல்லது, சும்மா கிடந்தால் விற்காதீர்கள்.

கொள்முதலில் நிதானம் வேண்டும். நான் மொத்த வியாபாரி. நிறைய எடுங்கள் என்று சொல்வதுதான் எனக்கு லாபம். ஆனாலும் சொல்கிறேன், ஆளி விதையில் இரண்டு கிலோ, பேக்கிங் பவுடரில் அரை டஜன் சிறிய டப்பா, இவ்வளவோடு ஆரம்பியுங்கள். இந்த ஆசை ஒரு வருஷத்தில் அடங்கியும் போகலாம். தட்டு பரணுக்குப் போய்விட்டால் தேங்கிய சரக்குக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கோதுமை மாவு, அரிசி மாவு, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, எண்ணெய், தேங்காய் எல்லாம் வாஃபிள் போனாலும் விற்கும். ஆகவே இதில் முடங்கும் முதல் சொற்பமே.

முடிந்தால் இந்தச் சாமான்களை ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவை ஒரு அட்டையில் தமிழில் எழுதித் தொங்கவிடுங்கள். படித்துப் பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், பேச்சு வளரும், வியாபாரமும் நடக்கும்.

இட்லியை விட்டுவிட்டு வாஃபிளுக்கு மாறச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தாவரப் பொருள் என்பதாலேயே ஒரு பலகாரம் மருந்தாகிவிடாது. பாகு ஊற்றித் தின்றால் அதுவும் தித்திப்புத்தான், சர்க்கரை வியாதிக்காரருக்கு அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். என்ன சமைப்பது என்பதை வீட்டுக்காரர்கள் தீர்மானிக்கட்டும். அதற்கு வேண்டிய சாமானைச் சரியாகவும் உண்மையைச் சொல்லியும் கொடுப்பது நம் பொறுப்பு.

சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா என்று ஒரு பழமொழி உண்டு. சரக்கு இன்று எல்லோரிடமும் கிடைக்கிறது, செல்போனைத் தட்டினால் வீட்டுக்கே வருகிறது. அப்படியிருக்க ஒரு குடும்பம் நம் கடைப் படியேற ஒரு காரணம் வேண்டும். கேட்ட பொருளுக்கு விவரம் தெரிந்த பதிலும், அந்தப் பதிலில் பொய் இல்லை என்ற நம்பிக்கையும்தான் அந்தக் காரணம். அடுத்த முறை ஒரு பெண் லிஸ்டில் ஆளி விதை என்று எழுதிக் கொண்டு வந்தால், சிரித்து அனுப்பாமல், "வாஃபிளுக்கா அம்மா? அரிசி மாவும் இரண்டு கரண்டி சேருங்கள், மொறுமொறுவென்று வரும்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த மாத லிஸ்டும் உங்கள் கடைக்கே வரும்.